ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு எத்தனை ஆம்ப்ளிஃபயர்?

ஸ்டீரியோ பித்து முற்றியவர்கள் வீட்டில் ஸ்பீக்கர் இரண்டுதான் இருக்கும். ஆனால் அந்த இரண்டை ஓட்ட மேஜை முழுக்கப் பெட்டிகள் இருக்கும். ஒரு ப்ரீ-ஆம்ப், இரண்டு பவர் ஆம்ப். சில வீடுகளில் நான்கு, ஆறு என்றுகூடப் போகும். ஒவ்வொன்றும் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. "ஒரு பாட்டு கேக்க எதுக்குங்க இத்தனை பெட்டி?" என்று யாராவது கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

வழக்கமாகக் கிடைக்கும் பதில், "தனித்தனியா இருந்தா சத்தம் சுத்தமா இருக்கும்" என்பது. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் போனால், பொறியியல் காரணம், பழக்கம், வியாபாரம், அந்தஸ்து எல்லாம் பின்னிக் கிடக்கின்றன. கடந்த சில மாதங்களாக இதைப் படித்து எடுத்த குறிப்புகளை இங்கே ஒழுங்குபடுத்துகிறேன். என் வீட்டில் இருப்பது ஒரே ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப். ஆகவே யாருக்கும் எதையும் விற்கும் நோக்கம் இல்லை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். "தனி ஆம்ப்" என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு வேறு பிரிவுகள் இருக்கின்றன. ஒன்று, ப்ரீ-ஆம்ப்பையும் பவர் ஆம்ப்பையும் பிரிப்பது. இரண்டாவது, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று பிரிப்பது. மூன்றாவது, ஒரே ஸ்பீக்கருக்குள் இருக்கும் வூஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு இன்னொரு ஆம்ப் என்று பிரிப்பது. மூன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்துக்காக வந்தவை. கடையில் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி விற்றுவிடுகிறார்கள்.

பிரிக்கவே முடியாத காலம்

இந்தக் கதை பிரிவில் தொடங்கவில்லை என்பதே எனக்கு முதல் ஆச்சரியம். இன்று நாம் பயன்படுத்தும் மூவிங் காயில் ஸ்பீக்கரை 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதற்கு முன்பும் சிலர் முயன்றிருந்தார்கள். ஆனால் இன்றுவரை தொடரும் வடிவத்தைக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். அடுத்த ஆண்டே ஆர்.சி.ஏ. அதை 'ரேடியோலா 104' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அந்த ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே அதற்கான ஆம்ப்ளிஃபயரும் பவர் சப்ளையும் இருந்தன. அன்றைய ரேடியோக்களுக்கு இப்படி ஒரு ஸ்பீக்கரை ஓட்டும் வலு கிடையாது, அதனால் ஸ்பீக்கரே தன் ஆம்ப்பைக் கையோடு கொண்டுவந்தது. இன்று 'ஆக்டிவ் ஸ்பீக்கர்' என்று புதுசு போல விளம்பரம் செய்கிறார்களே, அது பிறப்பிலேயே இருந்த சங்கதி.

1930-களின் ரேடியோக்களில் இந்த உறவு இன்னும் இறுக்கமானது. அப்போது வலுவான நிரந்தரக் காந்தம் மலிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே ஸ்பீக்கரின் காந்தமே ஒரு மின்காந்தம். அதைச் சுற்றியிருக்கும் பெரிய கம்பிச் சுருளுக்கு 'ஃபீல்ட் காயில்' என்று பெயர். அதற்கு மின்சாரம் வேண்டுமே? ரேடியோவின் பவர் சப்ளையில் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய எப்படியும் ஒரு சோக் காயில் தேவை. ஸ்பீக்கரின் ஃபீல்ட் காயிலையே அந்தச் சோக்காகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஆனால் ஸ்பீக்கரைக் கழற்றினால் ரேடியோவின் பவர் சப்ளையே அறுந்துவிடும். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே உடம்பு.

இந்தக் கட்டை அவிழ்த்தது அல்னிகோ என்ற காந்த உலோகக் கலவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது பரவலானதும் ஸ்பீக்கருக்கு மின்சாரம் தேவையில்லாமல் போனது. இரண்டே இரண்டு வயர், அவ்வளவுதான். எந்த ஸ்பீக்கரையும் எந்த ஆம்ப்போடும் சேர்க்கலாம் என்ற சுதந்திரம் அப்போதுதான் வந்தது. ஒரு கம்பெனி ஆம்ப் மட்டும் செய்யலாம், இன்னொரு கம்பெனி ஸ்பீக்கர் மட்டும் செய்யலாம் என்ற தொழில் அமைப்பும் இதற்குப் பிறகுதான் சாத்தியமானது.

முதல் பிரிவு: சூடும் இரைச்சலும்

1947-ல் லண்டனிலிருந்து வந்த 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் டி.டி.என். வில்லியம்சன் என்ற இளம் பொறியாளர் ஒரு ஆம்ப்ளிஃபயர் வரைபடத்தை வெளியிட்டார். 15 வாட், சிதைவு 0.1 சதவீதத்துக்குள். ஹெரால்ட் பிளாக் 1927-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்த 'எதிர்மறைப் பின்னூட்டம்' என்ற முறையை நன்றாகப் பயன்படுத்திய வடிவமைப்பு அது. அதாவது, வெளியே போகும் ஒலி அலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து, உள்ளே வருவதோடு ஒப்பிட்டு, தவறைத் தானே திருத்திக்கொள்வது. பத்திரிகை வாங்கிய எவரும் வில்லியம்சன் ஆம்ப்பை வீட்டிலேயே செய்யலாம். உலகம் முழுக்கச் செய்தார்கள்.

அந்த ஆம்ப்பைச் செய்து பார்த்தவர்களுக்கு ஒரு பிரச்சினை தெரிந்தது. கிராமபோன் காட்ரிட்ஜிலிருந்து வருவது சுமார் 5 மில்லிவோல்ட். அன்றைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர்கள் பலவும் 15 ஓம். அதற்கு 15 வாட் கொடுக்க வேண்டுமென்றால் 15 வோல்ட் வேண்டும். அதாவது 3000 மடங்கு பெருக்கம். இத்தனை பெருக்கும் இடத்தில், பக்கத்திலேயே ஒரு பெரிய மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் 'ஹம்' என்று முனகிக்கொண்டிருந்தால் அந்த முனகலும் 3000 மடங்கு பெருகும். போதாததற்கு வால்வுகளின் சூடு. சூடான, கனமான, காந்தப்புலம் உள்ள பகுதியை ஓரமாக வைத்துவிட்டு, மென்மையான சிக்னலைக் கையாளும் பகுதியையும் கைப்பிடிக் குமிழ்களையும் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது இயல்பான தீர்வு. ப்ரீ-ஆம்ப், பவர் ஆம்ப் என்ற பிரிவு இப்படித்தான் வீடுகளில் நிலைபெற்றது.

1953-ல் இங்கிலாந்தின் ஹண்டிங்டனில் பீட்டர் வாக்கர் வெளியிட்ட 'குவாட் 2' இதற்கு நல்ல உதாரணம். கே.டி. 66 வால்வு இரண்டு, 15 வாட், ஒரே சானல். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி தனி. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு வேண்டிய மின்சாரம் பவர் ஆம்ப்பிலிருந்துதான் கேபிள் வழியாக வரும். தனிக்குடித்தனம் போன பிறகும் அம்மா வீட்டிலிருந்து சாப்பாடு வந்த கதை.

இரண்டாவது பிரிவு: இடதும் வலதும்

ஸ்டீரியோவின் கருத்து பழையது. ஆலன் பிளம்லின் 1931-லேயே பிரிட்டனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். 1933 ஏப்ரல் 27-ல் பெல் ஆய்வுக்கூடம் ஒரு பெரிய சோதனை நடத்தியது. ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசிக்க, மூன்று மைக், மூன்று தொலைபேசித் தடம், மூன்று ஆம்ப்-ஸ்பீக்கர் வரிசை வழியாக வாஷிங்டன் கான்ஸ்டிடியூஷன் ஹாலில் அமர்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். இசைக்குழுவின் புகழ்பெற்ற நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி அன்று மேடையில் இல்லை. வாஷிங்டனில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டிருந்தார்!

வீட்டுக்கு ஸ்டீரியோ வந்தது வேறு வழியில். 1952-ல் எமரி குக் என்ற அமெரிக்கர் ஒரே இசைத்தட்டில் இரண்டு தனித்தனித் தடங்கள் கொண்ட 'பைனாரல்' தட்டை வெளியிட்டார். அதைக் கேட்க இரண்டு ஊசி, இரண்டு ஆம்ப், இரண்டு ஸ்பீக்கர் வேண்டும். சில வானொலி நிலையங்கள் ஒரு பக்கத்தை ஏ.எம்.மிலும் மறு பக்கத்தை எஃப்.எம்.மிலும் ஒலிபரப்பிப் பார்த்தன. 1957-ல் வெஸ்ட்ரெக்ஸ் நிறுவனம் ஒரே தடத்தில் இரண்டு சானலையும் வெட்டும் முறையைச் செய்து காட்டியது. அடுத்த ஆண்டிலிருந்து ஸ்டீரியோ எல்.பி. கடைகளுக்கு வந்தது.

இப்போது 1958-ல் ஒரு இசை ரசிகரின் நிலையை நினைத்துப் பாருங்கள். நல்ல மோனோ ஆம்ப் ஒன்று ஏற்கெனவே சம்பளத்தைச் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறார். ஸ்டீரியோ வந்துவிட்டது. பழையதைத் தூக்கிப் போடவா முடியும்? அதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டார். குவாட் நிறுவனமும் இதைப் புரிந்துகொண்டு, இரண்டு குவாட் 2-களை ஓட்டும் 'குவாட் 22' என்ற ஸ்டீரியோ கட்டுப்பாட்டுப் பெட்டியை வெளியிட்டது. இன்று 'மோனோபிளாக்' என்று பயபக்தியோடு சொல்லும் ஏற்பாடு பெருமளவுக்கு, கையில் இருந்ததை வீணாக்காத சிக்கனத்தில் வேர்விட்டது.

"இடது வலது கலக்காது, அதனால் மோனோபிளாக்" என்ற வாதத்தை இந்த இடத்தில் சோதிக்க வேண்டும். இசைத்தட்டின் காட்ரிட்ஜே இரண்டு சானலையும் சுமார் 25–30 டெசிபல் அளவுக்குத்தான் பிரிக்கும். அதற்குப் பிறகு ஆம்ப் 80 டெசிபல் பிரித்தாலும் 100 டெசிபல் பிரித்தாலும், கலந்தது கலந்ததுதான். மோனோபிளாக்கின் உண்மையான பலன்கள் வேறு. டிரான்ஸ்ஃபார்மரின் எடையும் சூடும் இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் பாஸ் அடிக்கும்போது மறு பக்கத்தின் மின்வழங்கல் தள்ளாடாது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே ஆம்ப்பை வைத்து ஸ்பீக்கர் வயரைக் குட்டையாக்கலாம்.

சந்தையும் இதைத் தீர்ப்பாகவே சொன்னது. 1959-ல் டேவிட் ஹாஃப்லரின் டைனாகோ நிறுவனம் 'ஸ்டீரியோ 70' என்ற ஆம்ப்பை வெளியிட்டது. ஒரே சட்டத்தில் இரண்டு சானல், தலா 35 வாட். நாமே பூட்டிக்கொள்ளும் கிட் சுமார் 100 டாலர். அது லட்சக்கணக்கில் விற்றது. 1961-ல் மெக்கின்டாஷ் எம்.சி. 275 வந்தது, அதுவும் ஒரே சட்டத்தில் இரண்டு 75 வாட். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. வால்வின் சூடு போனது, கனமான அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போனது. 1970-களில் ரேடியோ, ப்ரீ-ஆம்ப், பவர் ஆம்ப் எல்லாம் ஒரே பெட்டியில் அடங்கிய ஜப்பானிய ரிசீவர்கள் உலகை நிறைத்தன.

அதாவது, பிரிக்க வேண்டிய தொழில்நுட்பத் தேவை பெரும்பாலும் தீர்ந்த பிறகுதான், பிரிந்த பெட்டிகள் அந்தஸ்தின் அடையாளமாக ஆயின. மார்க் லெவின்சன் எம்.எல்.2 என்ற மோனோபிளாக் 1970-களின் இறுதியில் வந்தது. 25 வாட் சத்தத்துக்குச் சுவரிலிருந்து 400 வாட் இழுக்கும். அவர்களின் ஹெச்.க்யூ.டி. ஸ்பீக்கர் அமைப்புக்கு இதில் ஆறு வேண்டும். கணக்குப் போட்டால் 2400 வாட். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும், வீட்டில் இரண்டு அயர்ன் பாக்ஸ் எந்நேரமும் சூடாகிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

மூன்றாவது பிரிவு: வூஃபருக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று

இதுதான் மூன்றிலும் பொறியியல் ரீதியாக வலுவானது. வீடுகளில் மிகக் குறைவாக எடுபட்டதும் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சாதாரண ஸ்பீக்கர் பெட்டிக்குள் காயிலும் கண்டன்சரும் கொண்ட ஒரு கிராஸ்ஓவர் இருக்கும். ஆம்ப்பிலிருந்து வரும் முழு ஒலியையும் வாங்கி, தாழ்ந்த அதிர்வெண்களை வூஃபருக்கும் உயர்ந்தவற்றை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும். மலிவு, எளிது. ஆனால் சில தொல்லைகள் உண்டு. காயிலின் செப்புக் கம்பியில் கொஞ்சம் சக்தி சூடாக வீணாகும். அந்தக் காயில் ஆம்ப்புக்கும் வூஃபருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால், கோனை இறுக்கிப் பிடித்துக் கட்டுப்படுத்தும் ஆம்ப்பின் திறன் குறையும். இன்னொன்று, வூஃபரின் மின்தடை அதிர்வெண்ணுக்கேற்ப மாறிக்கொண்டே இருப்பது. 8 ஓம் என்று ஸ்டிக்கரில் இருந்தாலும் நிஜத்தில் அது எட்டாக நிற்பதில்லை. ஆகவே கிராஸ்ஓவரும் காகிதத்தில் போட்ட கணக்குப்படி வேலை செய்யாது. சரிக்கட்ட மேலும் சில பாகங்களைச் சேர்க்க வேண்டும்.

மாற்று வழி, ஆம்ப்புக்கு முன்னாலேயே பிரித்துவிடுவது. அங்கே சிக்னல் ஒன்றிரண்டு வோல்ட்தான். சின்னச் சின்ன பாகங்கள் போதும், துல்லியமாகப் பிரிக்கலாம். பிரித்த ஒவ்வொரு பங்குக்கும் தனி ஆம்ப். அந்த ஆம்ப் நேராக அந்த ட்ரைவருக்கு. நடுவில் எதுவும் கிடையாது. இதைத்தான் ஆக்டிவ் பை-ஆம்ப்பிங் என்கிறார்கள்.

இதில் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கர். பாஸ் அலையின் உச்சம் 10 வோல்ட், ட்ரெபிள் அலையின் உச்சமும் 10 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி ஆம்ப் என்றால் ஒவ்வொன்றும் 10 வோல்ட் உச்சம் கொடுத்தால் போதும். சைன் அலைக் கணக்கில் அது 6.25 வாட் ஆம்ப். இரண்டும் சேர்த்து 12.5 வாட். ஆனால் ஒரே ஆம்ப் என்றால் இரண்டு உச்சங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் நொடியில் 20 வோல்ட் கொடுக்க வேண்டும். அது 25 வாட் ஆம்ப். அதாவது இரண்டு 6.25 வாட் ஆம்ப்கள் சேர்ந்து ஒரு 25 வாட் ஆம்ப்பின் வேலையைச் செய்யும். வோல்ட் இரட்டித்தால் வாட் நான்கு மடங்காகும் என்பதால் வரும் லாபம் இது.

இதைவிட முக்கியமான பலன் ஒன்று உண்டு. ஒரே ஆம்ப்பில், பலத்த மிருதங்க அடி ஒன்று ஆம்ப்பின் எல்லையைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்படும். அந்த நொடியில் அதன்மேல் சவாரி செய்யும் பாடகரின் குரலும் சேர்ந்தே வெட்டுப்படும். வெட்டினால் பிறக்கும் புதிய கரகர ஒலிகள் எல்லாம் உயர் அதிர்வெண்கள், அவை நேராக ட்வீட்டருக்குப் போகும். தனி ஆம்ப் இருந்தால் பாஸ் ஆம்ப் திணறினாலும் ட்வீட்டருக்கு அது தெரியவே தெரியாது. வூஃபருக்கு அந்தக் கரகரப்பைத் தெளிவாக வெளிப்படுத்தும் திறன் குறைவு. ஆக, காதுக்குத் தப்பு குறைவாகவே கேட்கும்.

இதெல்லாம் புதிய ஞானமும் இல்லை. 1950-களிலேயே ஹீத்கிட் நிறுவனம் எக்ஸ்.ஓ.1 என்ற எலக்ட்ரானிக் கிராஸ்ஓவரை கிட்டாக விற்றது. மராண்ட்ஸ் தன் பங்குக்கு ஒன்றை வெளியிட்டது. ஜப்பானில் 'மல்ட்டி ஆம்ப்' என்ற பெயரில் இது ஒரு தனி ரசிகர் மரபாகவே வளர்ந்தது. பெரிய ஹார்ன் ஸ்பீக்கர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆம்ப், நடுவில் 'சானல் டிவைடர்'. அக்யூஃபேஸ் நிறுவனம் இன்றுவரை அதைச் செய்து விற்கிறது. 1976-ல் ஹியூலெட்-பேக்கார்ட் பொறியாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், சக பொறியாளர் ரஸ் ரைலியின் யோசனையை இணைத்து, ஆக்டிவ் கிராஸ்ஓவர் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இரண்டு ட்ரைவர்களின் ஒலியும் சேரும் இடத்தில் மேடு பள்ளம் இல்லாமல் பிரிப்பது எப்படி என்பது அதன் சாரம். லிங்க்விட்ஸ்-ரைலி என்ற பெயர் இன்று ஒலித்துறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டூடியோக்கள் இதை எடுத்துக்கொண்டன. பி.பி.சி.யின் எல்.எஸ். 5/8 என்ற மானிட்டரில் மாற்றியமைத்த ஒரு குவாட் 405 ஸ்டீரியோ ஆம்ப் இருக்கும். அதன் ஒரு சானல் வூஃபருக்கு, மறு சானல் ட்வீட்டருக்கு. அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு முழு ஸ்டீரியோ ஆம்ப். பின்லாந்தில் 1978-ல் தொடங்கிய ஜெனெலெக், ஆம்ப்களை ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயே வைத்து வானொலி நிலையங்களுக்குச் செய்தது. இன்று உலகின் ஸ்டூடியோ மானிட்டர்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நாம் வீட்டில் கேட்கும் இசையைக் கலவை செய்தவர்கள் ஆக்டிவ் ஸ்பீக்கரில் கேட்டுத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் ஏன் வீட்டுக்குள் வரவில்லை?

பிலிப்ஸ் 1970-களில் ஆம்ப் உள்ளே இருக்கும் 'மோஷனல் ஃபீட்பேக்' ஸ்பீக்கர்களை வீடுகளுக்கு விற்றது. 1977-ல் தொடங்கிய மெரிடியனும் இதே வழியில் போனது. ஸ்காட்லாந்தின் லின், இங்கிலாந்தின் நெய்ம் ரசிகர்கள் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு ஆறு பவர் ஆம்ப் வரை வைத்தார்கள், அதற்கு 'சிக்ஸ் பேக்' என்று செல்லப்பெயர்கூட உண்டு. ஆனால் இவையெல்லாம் ஓரத்திலேயே நின்றுவிட்டன. காரணங்களாக எனக்குப் படுவது இவை.

முதலாவது, 1958-ன் ரசிகருக்கு இருந்த அதே காரணம். வாங்குபவரிடம் ஏற்கெனவே ஒரு ஆம்ப் இருக்கிறது. ஆக்டிவ் ஸ்பீக்கர் வாங்கினால் அது மூலையில் தூங்க வேண்டியதுதான்.

இரண்டாவது, அல்னிகோ திறந்துவிட்ட தொழில் பிரிவினை. ஆம்ப் செய்யும் கம்பெனிக்கு ஸ்பீக்கர் செய்யத் தெரியாது, ஸ்பீக்கர் செய்பவருக்கு ஆம்ப் தெரியாது. கடைக்காரருக்கோ, இந்த வருடம் ஆம்ப், அடுத்த வருடம் ஸ்பீக்கர் என்று பாகம் பாகமாக மாற்றிக்கொண்டே இருக்கும் வாடிக்கையாளர்தான் வருமானம். எல்லாம் சேர்ந்து முடிந்துபோன ஒரு பொருளில் அவருக்கு என்ன கிடைக்கும்? விமர்சனப் பத்திரிகைகளும் ஒவ்வொரு பெட்டியையும் தனியாக எடைபோட்டுத்தான் பிழைத்தன.

மூன்றாவது, பயம். நடுவில் கண்டன்சர் இல்லாமல் ட்வீட்டரை நேராக ஆம்ப்பில் மாட்டினால், ஆம்ப்பில் ஒரு சின்னப் பழுது வந்தாலே ட்வீட்டர் புகைந்துவிடும். சாதாரண கிராஸ்ஓவரில் அந்தக் கண்டன்சர் ஒரு காவலாளியாகவும் இருந்தது.

இந்த இடைவெளியில் ஒரு அரைகுறை சமரசம் வந்தது. 1980-களிலிருந்து பல ஸ்பீக்கர்களின் முதுகில் இரண்டுக்குப் பதில் நான்கு டெர்மினல் வைத்தார்கள். அவற்றை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு வூஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப் மாட்டலாம். கேட்க மேலே சொன்னது போலவே இருக்கிறது, இல்லையா? ஆனால் பெட்டிக்குள் பழைய காயிலும் கண்டன்சரும் அப்படியே இருக்கின்றன. இரண்டு ஆம்ப்புக்கும் முழு ஒலியும் போகிறது. ஆகவே இரண்டும் 20 வோல்ட் உச்சத்தைத் தாங்கியாக வேண்டும். மின்னோட்டச் சுமை மட்டும்தான் பங்கிடப்படுகிறது. நான்கு மடங்குக் கணக்கின் லாபம் இதில் இல்லை. பெயர் ஒன்று, சரக்கு வேறு.

மைக்செட்டும் ப்ளூடூத்தும்

பணக்கார ஹை-ஃபை வீடுகள் தயங்கியதை நம்ம ஊர் மைக்செட்காரர்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள். திருவிழாவிலோ கல்யாணத்திலோ பெரிய செட் போடும் இடத்தில், பாக்ஸ் அடுக்குக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு எலக்ட்ரானிக் கிராஸ்ஓவர், அதிலிருந்து பேஸ் பாக்ஸுக்குத் தனி ஆம்ப், டாப்புக்குத் தனி ஆம்ப். ராத்திரி முழுக்க உச்ச சத்தத்தில் ஓட வேண்டும், எதுவும் எரியக்கூடாது என்றால் இதுதான் வழி என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சப்-வூஃபர் ஃபில்டர் போர்டு வாங்கி, தனி ஆம்ப் போர்டோடு சேர்த்து அசெம்பிள் செய்பவர்களும் செய்வது அதே ஆக்டிவ் பிரிவைத்தான்.

கடைசியில் வீட்டுக்குள்ளும் அது வந்துவிட்டது, யாருக்கும் தெரியாமல். கிளாஸ்-டி என்ற வகை ஆம்ப், டிரான்சிஸ்டர்களை ஸ்விட்ச் மாதிரி படுவேகமாகத் திறந்து மூடி வேலை செய்வது. அதனால் சூடு மிகக் குறைவு. விரல் நகம் அளவு சிப் ஒன்றில் இரண்டு சானல் அடங்கிவிடும். ஒலியைப் பிரிக்கும் வேலையை இன்னொரு சின்ன டிஜிட்டல் சிப் பார்த்துக்கொள்ளும். தடித்த செப்புக் காயிலை விட இப்போது ஆம்ப் மலிவு! 2021-ல் வந்த ஜே.பி.எல். சார்ஜ் 5 என்ற ப்ளூடூத் ஸ்பீக்கரின் விவரக்குறிப்பைப் பாருங்கள்: வூஃபருக்கு 30 வாட், ட்வீட்டருக்கு 10 வாட். கையில் தூக்கிக்கொண்டு போகும் பெட்டி, முறையான பை-ஆம்ப். 2018-ல் வந்த ஆப்பிள் ஹோம்பாடில் ஏழு ட்வீட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஆம்ப். அறுபது வருடம் பித்தர்கள் கண்ட கனவு, மேஜை விளக்கு அளவில்.

கிடைத்ததும் போனதும்

இதோடு முடித்தால் இது வெற்றிக் கதை. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1959-ன் ஸ்டீரியோ 70 இன்றும் பல வீடுகளில் ஓடுகிறது. வால்வு போனால் வால்வு மாற்றலாம், கண்டன்சர் போனால் கண்டன்சர் மாற்றலாம், ஆம்ப்பே போனால் ஸ்பீக்கர் இருக்கிறது. ஹோம்பாடைப் பிரித்துப் பார்த்த ஐஃபிக்ஸிட் குழு, பழுது பார்க்கும் வசதிக்கு 10-க்கு 1 மதிப்பெண் கொடுத்தது. உள்ளே ஒரு சிப் செத்தால் எட்டு ட்ரைவர்களும் சேர்ந்து குப்பைக்குப் போகும். ஆம்ப்பும் ஸ்பீக்கரும் 1930-களின் ரேடியோவில் இருந்ததைவிட இறுக்கமாக மறுபடி ஒட்டிக்கொண்டுவிட்டன. அந்த ரேடியோவையாவது தெருமுனை மெக்கானிக் திறக்க முடிந்தது.

ஆகவே "எத்தனை ஆம்ப்" என்ற கேள்விக்கு என் பதில் இப்படி. நான்கு டெர்மினல் இருக்கிறதே என்று இன்னொரு ஆம்ப் வாங்க நினைத்தால் வேண்டாம், அந்தப் பணத்தை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். மோனோபிளாக், தனி ப்ரீ-ஆம்ப் எல்லாம் ஆசை இருந்தால் வாங்கலாம், காதுக்குக் கட்டாயமில்லை. ட்ரைவருக்கு ஒரு ஆம்ப் என்ற முறை உண்மையிலேயே மேலானது. கடையில் கிடைக்கும் நல்ல ஆக்டிவ் மானிட்டர் ஜோடி ஒன்று, பெரிய பெரிய பெட்டிகளுக்கு ஈடு கொடுக்கும்.

ஆனால் வாங்குவதற்கு முன் அதைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். ஆப் இல்லாமல், இணையம் இல்லாமல், ஒரு சாதாரண வயரை மாட்டிப் பாட்டு கேட்க வழி இருக்கிறதா? திறக்க ஸ்க்ரூ தெரிகிறதா? உள்ளே இருக்கும் ஆம்ப் போர்டு தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். அந்த மூன்றுக்கும் "ஆமாம்" என்றால், ஆம்ப் உள்ளே இருந்தால் என்ன, வெளியே இருந்தால் என்ன, அது உங்கள் பொருள்.